கட்டைவிரல் தட்டிய கட்டம்

வீட்டைப் பூட்டினால் பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்க்கிற ஆள் அவர். தெருமுனை வரைக்கும் போய்விட்டு, மனசு கேட்காமல் திரும்பி வந்து நான்காவது முறையும் இழுப்பார். "உங்களுக்குப் பயம் சோறு மாதிரி. மூணு வேளையும் இல்லன்னா கை நடுங்கும்" என்பாள் அவர் மனைவி. அவள் கேலி செய்தாலும், அவர் சொல்லிவிட்டால் அடுப்பை அணைத்தோமா என்று அவளுக்கும் ஒரு தரம் சந்தேகம் வந்துவிடும்.

ஆஸ்பத்திரியில் அவருக்குக் கட்டக்காரர் என்று பெயர். வைத்தது யாரென்று தெரியாது, ஆனால் பொருத்தமான பெயர். பத்தாவது தாண்டாத மனிதர். இருபது வருஷம் முன்னால் பிரின்டர் பழுது பார்க்க வந்தார். அப்போது நோயாளிகளைப் பதிகிற கம்ப்யூட்டர் திரை வாரத்துக்கு மூன்று நாள் மல்லாந்து கிடக்கும். பிரின்டரைத் திறந்து வைத்துக்கொண்டே அதையும் எட்டிப் பார்த்தார். தலையணை தடிமனுக்கு ஒரு புத்தகம் வாங்கி, எழுத்துக் கூட்டிப் படித்து, புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டார். அதற்கப்புறம் அந்த ஆஸ்பத்திரியில் ஓடுகிற எல்லாத் திரையும் அவர் போட்டதுதான். பெயருக்கு ஒரு கட்டம், வயசுக்கு ஒரு கட்டம், முகவரிக்கு மூன்று கட்டம். துணி அறைக்குப் பக்கத்தில் ஜன்னல் இல்லாத ஓர் அறை கொடுத்திருந்தார்கள். உட்கார்ந்தால் சோப்பு வாசனை வரும்.

பதிவுத் திரையில் 'மருந்து அலர்ஜி' என்று ஒரு கட்டம் ரொம்ப நாளாக இருந்தது. அதில் என்ன வேண்டுமானாலும் தட்டலாம். அதுதான் வினை. ஒருத்தர் 'ஆம்' என்று போடுவார், ஒருத்தர் 'இருக்கு', இன்னொருத்தர் 'லேசா'. ஒரு நோயாளி வேடிக்கைக்குச் சொன்னதை அப்படியே அடித்து, 'மாமியார்' என்றும் ஒரு பதிவு கிடந்தது. பெரிய டாக்டர் ஒரு நாள் பதிவுகளைப் புரட்டிவிட்டுக் கட்டக்காரரைக் கூப்பிட்டார்.

"எனக்குக் கதை வேணாம்யா. இருக்கா, இல்லையா. ஒரு டிக் போதும். டிக் இருந்தா சீட்டுல பெருசா 'உண்டு'ன்னு வரணும்."

"டிக் இல்லன்னா சார்?"

"இல்லன்னா 'இல்லை'ன்னு வரட்டும்."

கட்டக்காரர் பழைய கட்டத்தைப் பிடுங்கிவிட்டு ஒரு செக் பாக்ஸ் வைத்தார். சின்னச் சதுரம். மவுஸால் தொட்டால் டிக் விழும், மறுபடி தொட்டால் போய்விடும். நூறு தரம் சோதித்தார். டிக் போட்டார், சேமித்தார், திறந்து பார்த்தார். டிக் இருந்தது. எடுத்தார், சேமித்தார், திறந்து பார்த்தார். இல்லை. நூற்றியோராவது தரமும் பார்த்துவிட்டுத்தான் கவுன்டருக்கு அனுப்பினார்.

மதிய கவுன்டரில் உட்காருகிற அம்மாளை எல்லாரும் டைப்பிஸ்ட் அக்கா என்பார்கள். ஓய்வு பெற இன்னும் ஒன்றரை வருஷம். தட்டச்சு யந்திர காலத்திலிருந்து தட்டுகிற விரல்கள். நோயாளி வாயை மூடுமுன் பெயர் திரையில் ஏறிவிடும். புதுச் சதுரத்தைப் பார்த்துவிட்டு அந்தம்மாள் கேட்டது ஒரே கேள்வி.

"நான் கேக்க மறந்துட்டேன்னு வைங்க. அப்பவும் இல்லைன்னுதான் வருமா?"

"மறக்காதீங்கக்கா" என்றார் கட்டக்காரர். சொல்லிவிட்டு வந்தாரே தவிர, அந்தக் கேள்வி செருப்பில் மாட்டிய கல்லாக உறுத்திக்கொண்டே இருந்தது. உறுத்தல் அவருக்குப் புதிதல்ல. எல்லாமே உறுத்துகிறவனுக்கு எது நிஜமான கல் என்று எப்படித் தெரியும்?

பத்தொன்பது நாள் போனது.

இருபதாம் நாள் மதியம் மூன்று மணிக்கு, ஆண்கள் வார்டில் படுத்திருந்த மைத்துனனைப் பார்க்கப் போனார். மனைவியின் தம்பி. சுவருக்குப் பெயின்ட் அடிக்கிற தொழில். முந்தின நாள் ஏணியிலிருந்து சரிந்து, தகரம் கிழித்துத் தொடையில் பதினொரு தையல்.

"வாங்க மாமா. உங்க ஆஸ்பத்திரி கட்டில் உங்க வீட்டு சோபாவ விட மோசம்."

"வலிக்குதாடா?"

"தொடை வலிக்கல. பக்கத்து கட்டில்காரர் விடற குறட்டைதான் வலிக்குது."

கட்டக்காரர் சிரித்தார். கண் பழக்க தோஷத்தில் கட்டில் தலைமாட்டில் மாட்டியிருந்த சீட்டுக்குப் போனது. அது அவருடைய சீட்டு. அவர் போட்ட எழுத்து, அவர் வைத்த வரிசை. பெயர், வயசு, ரத்த வகை. கடைசி வரி: மருந்து அலர்ஜி: இல்லை.

சிரிப்பு பாதியில் நின்றது. எட்டு வருஷம் முன்னால் காய்ச்சலுக்கு ஓர் ஊசி போட்டு, இவன் முகம் பூசணிக்காயாக வீங்கி, மூச்சு விசிலடித்து, இவர்தான் தூக்கிக்கொண்டு ஓடினார். அந்த மருந்தின் பெயர் அவர் வீட்டு அலமாரிக் கதவில் இன்னமும் ஒட்டியிருக்கிறது.

"டேய், பதியறப்ப அலர்ஜின்னு சொன்னியா?"

"சொல்லாம? பூசணிக்கா கதைய முழுசா சொன்னேன். அந்தம்மா சிரிச்சுட்டே டிக் போட்டாங்க."

"நீ பாத்தியா?"

"எட்டிப் பாத்தேன் மாமா. சின்னதா கட்டத்துக்குள்ள விழுந்துச்சு. ஏன், மூஞ்சி ஏன் வெளுக்குது?"

கட்டக்காரர் ஹெட் நர்ஸிடம் ஓடினார். "சிஸ்டர், ஏழாம் கட்டில் சீட்டு தப்பு. அவனுக்கு அலர்ஜி உண்டு." ஹெட் நர்ஸ் சிவப்புப் பேனாவால் அடித்து எழுதினார். "நல்ல வேளை சொன்னீங்க. நேத்து வேற ஊசி போட்டோம். இன்னிக்கு ஆறு மணிக்கு மாத்தி எழுதியிருக்காங்க. நீங்க சொன்ன அதே மருந்துதான்."

"மத்தவங்களுக்கும்..." என்று ஆரம்பித்தார். பாதியில் நிறுத்திக்கொண்டார். "ஒண்ணுமில்ல சிஸ்டர், அப்புறம் வரேன்."

அங்கேயே, அப்போதே சொல்லியிருக்கலாம். ஒரு டிக் காணாமல் போயிருந்தால் இன்னும் எத்தனை போயிருக்கும் என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் என்ன தப்பு, யார் தப்பு என்று தெரியாமல் போய் நின்றால் பெரிய டாக்டர் கேட்கிற முதல் கேள்விக்கே நாறிப்போகும். கண்டுபிடித்துவிட்டுச் சொல்லலாம் என்று துணி அறைப் பக்கம் நடந்தார். பிற்பாடு எப்போது இந்த நாளைப் பற்றிப் பேச்சு வந்தாலும் அவர் இதைத்தான் முதலில் சொல்வார்: சொந்த மச்சானுக்கு ஒரு நிமிஷத்தில் வாய் வந்தது, ஊரான் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது.

அறைக்குள் போய்த் தாழ் போட்டார். டிக் போட்டார், சேமித்தார், திறந்தார். இருந்தது. மறுபடி செய்தார். இருந்தது. இருபது தரம். வியர்வை மவுஸை நனைத்தது. அப்புறம் பத்தொன்பது நாள் கணக்கைக் கவுன்டர் வாரியாக எடுத்தார். காலை கவுன்டர்: பதினேழு டிக். மதிய கவுன்டர்: பூஜ்யம்.

குறைவு என்றால் ஏதோ தவறிப்போனது என்று மனசைத் தேற்றிக்கொள்ளலாம். பூஜ்யம் என்றால் ஒன்று கூட மிஞ்சவில்லை என்று அர்த்தம். மதியம் இரண்டு மணிக்கு மேல் வருகிறவர்களில் ஒருத்தருக்குக் கூட எந்த மருந்தும் ஒத்துக்கொள்ளாமல் போகாதா? சுவர்க் கடிகாரம் மூன்று ஐம்பது காட்டியது. ஆறு மணிக்கு ஊசித் தட்டுகள் வார்டுக்குள் கிளம்பும்.

கவுன்டருக்குப் போய் டைப்பிஸ்ட் அக்காவின் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்.

"என்ன கட்டக்காரரே, பேய் பாத்த மாதிரி இருக்கீங்க?"

"சும்மாக்கா. நீங்க பாட்டுக்கு வேலையப் பாருங்க."

"பின்னால ஆள் நின்னா எனக்கு பரீட்சை ஞாபகம் வரும். சரி, நில்லுங்க."

ஒரு வயசான தையல்காரர் பதிய வந்தார். பெயர், வயசு, முகவரி, எல்லாம் மழை மாதிரி விழுந்தன. மருந்து அலர்ஜி இல்லை என்றார். அக்கா சதுரத்தைத் தொடாமல் தாண்டிப் போனார். சரியாகத்தான் இருந்தது. அடுத்து ஒரு பெண், கையில் கட்டு. அவளும் இல்லை என்றாள். அதுவும் சரி. கட்டக்காரர் காலை மாற்றி மாற்றி நின்றார். மூன்றாவது ஆள் வருவதற்குள் நாலு பத்து.

"அலர்ஜி ஏதாவது இருக்கா தம்பி?"

"வலி மாத்திரை ஒண்ணு ஆகாதுங்க. உடம்பெல்லாம் தடிச்சுடும்."

அக்கா வலது கையை விசைப்பலகையிலிருந்து எடுத்தார். மவுஸைப் பிடித்தார். சதுரத்தைத் தொட்டார். டிக் விழுந்தது, கட்டக்காரர் இரண்டு கண்ணாலும் பார்த்தார். கண்கள் அடுத்த தாளுக்குப் போயின. கை விசைப்பலகைக்குத் திரும்பியது. டொக். அப்புறம் என்டர்.

அந்த டொக்கை அவர் காதுதான் முதலில் பிடித்தது. என்டருக்கு முன்னால் ஒரு சத்தம் கூடுதல்.

"அக்கா. இப்ப எத தட்டினீங்க?"

"எதத் தட்டினேன்? என்டர்."

"அதுக்கு முன்னால."

அக்காவுக்கே தெரியவில்லை. கையை ஒருமுறை மவுஸுக்குக் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவந்தார். கட்டைவிரல் தானாகப் போய் ஸ்பேஸ் பாரைத் தட்டியது.

"ஓ, இதுவா? இது பழைய ஆபீஸ் பழக்கம்யா. அங்க இருந்த மெஷினு, கைய எடுத்தா தூங்கிடும். திரும்பி வந்தா முழிச்சிருக்கான்னு பாக்க ஒரு தட்டு தட்டிட்டுத்தான் அடிக்க ஆரம்பிப்போம். இதுல என்ன? ஒரு இடம் காலியா விழும், அவ்வளவுதான."

எழுத்துக் கட்டத்தில் அவ்வளவுதான். இருபது வருஷமாக அந்தம்மாள் தட்டிய அத்தனை காலி இடமும் யார் கண்ணிலும் படாமல் போயிற்று. ஆனால் சதுரத்தை மவுஸால் தொட்டதும் திரையின் கவனம் அந்தச் சதுரத்தின் மேலேயே நிற்கும். அப்போது ஸ்பேஸ் பாரைத் தட்டினால் மறுபடி மவுஸால் தொட்ட மாதிரிதான். விழுந்த டிக் எழுந்து போய்விடும். அலர்ஜி இல்லாதவர்களுக்கு அக்கா மவுஸையே தொடுவதில்லை, அதனால் தட்டுவதும் இல்லை. உள்ளவர்களுக்கு மட்டும், போட்ட கையாலேயே ஒவ்வொரு முறையும் எடுத்திருக்கிறார். கட்டக்காரர் நூற்றியொரு தரம் சோதித்தபோது மவுஸை விட்டுக் கையை எடுக்கவே இல்லை. எடுத்துவிட்டுத் திரும்பி வருகிற கை ஒன்று உண்டு என்று அவர் யோசிக்கவில்லை.

தணிந்த குரலில் சொன்னார். அக்கா திரையைப் பார்த்தார், கட்டைவிரலைப் பார்த்தார். அந்த விரலை இடது உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டார்.

"எத்தன பேர்யா?"

"தெரியலக்கா. திரைல இல்ல. இருந்தாத்தான எண்ண முடியும்."

"திரைல இல்லன்னா என்ன?" அக்கா எழுந்து பின்னாலிருந்த இரும்பு அலமாரியைத் திறந்தார். நோயாளிகள் கையெழுத்துப் போட்ட பதிவுத் தாள்கள், நாள்வாரியாகக் கட்டுக்கட்டாக இருந்தன. "அலர்ஜி உள்ளவங்க தாள்ல ஓரத்த மடிச்சு வைப்பேன். உங்க கம்ப்யூட்டர நம்பலன்னு நினைக்காதீங்க. பேப்பரையும் நான் நம்பல. ரெண்டும் சேந்தா கொஞ்சம் நம்புவேன்."

மூன்றாவது ஆளுக்கு அங்கேயே நின்று டிக்கைத் திரும்பப் போட்டுவிட்டு, பெரிய டாக்டர் அறைக்குப் போனபோது நாலரை. கட்டக்காரர் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினார். சொல்லாமல் விட்ட ஒன்றரை மணி நேரத்தையும் சேர்த்து.

டாக்டர் போனை எடுத்தார். "சிஸ்டர், ஆறு மணி ஊசி, மாத்திரை எல்லாம் நிறுத்தி வைங்க. சீட்டப் பாக்காதீங்க. ஒவ்வொருத்தரையா வாயால கேட்டுட்டுப் போடுங்க." வைத்துவிட்டு நிமிர்ந்தார். "யார் தப்பு?"

வாசலில் நின்ற அக்கா வாயைத் திறந்தார். கட்டக்காரர் முந்திக்கொண்டார். "கட்டம் நான் போட்டது சார். விரல் என்ன செய்யும்னு பாக்காதது நான்தான்."

"தப்ப அப்புறம் உக்காந்து பங்கு பிரிச்சுக்கோங்க. மொதல்ல ஆளுங்களக் கண்டுபிடிங்க."

மடித்த ஓரங்கள் பதினான்கு. வார்டில் இருந்தவர்கள் ஐந்து பேர், மைத்துனனையும் சேர்த்து. மீதி ஒன்பது பேர் மாத்திரையோடு வீட்டுக்குப் போயிருந்தார்கள்.

வார்டு ஐவருக்கும் சிவப்புப் பேனா ஓடியது. மாடியில் ஒரு பஸ் டிரைவர் மூன்று நாளாக முதுகைச் சொறிந்துகொண்டிருந்தார். போர்வைதான் காரணம் என்று அதை மூன்று தரம் மாற்றியிருந்தார்கள். மாத்திரையை நிறுத்தினார்கள். "அப்ப போர்வைய வீணா திட்டிட்டேனே" என்றார் டிரைவர். ஹெட் நர்ஸ் சிரித்தார். கட்டக்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. மூச்சு அடைக்க வேண்டியது முதுகு அரிப்போடு போயிருக்கிறது, அவ்வளவுதானே?

அக்கா போனில் உட்கார்ந்தார். இவர் பக்கத்து கம்ப்யூட்டரில் உட்கார்ந்து சதுரத்தைப் பிடுங்கி எறிந்தார். அந்த இடத்தில் 'உண்டு', 'இல்லை', 'கேட்கவில்லை' என்று மூன்று தனித்தனி வட்டங்களை வைத்தார். எதிலும் முன்கூட்டியே புள்ளி கிடையாது. ஒன்றைத் தேர்ந்தெடுக்காமல் சேமிக்க முடியாது. ஸ்பேஸ் பாரை எத்தனை தட்டினாலும் அசையாது. சோதிக்கும் வேலையை அவர் செய்யவில்லை. போனுக்கும் போனுக்கும் நடுவே அக்காவைத் தட்டச் சொன்னார்.

"மவுஸ் எடுங்க. வைங்க. இப்ப வழக்கமா வாங்க."

டொக். வட்டம் அசையவில்லை.

"இன்னொரு தரம்."

"விரல் தேயுதுய்யா."

"தேயட்டும்கா."

எட்டு பேர் போனை எடுத்தார்கள். ஒருத்தர் மாத்திரையை விழுங்கி, நெஞ்சு படபடத்து, தானாகவே நிறுத்தியிருந்தார். ஒரு பெண், "நாங்களே உங்களுக்கு போன் பண்ணணும்னு இருந்தோம்" என்று ஆரம்பித்துப் பத்து நிமிஷம் விடவில்லை. அக்கா ஒவ்வொரு ஏச்சுக்கும் "ஆமாம்மா, ஆமாம்மா" என்று தலையாட்டினார், எதிரில் இருப்பவரிடம் பேசுவது போல.

ஒன்பதாவது எண் மணியடிக்கவே இல்லை. ஏழு தரம் போட்டார்கள். அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது, அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. தாளில், கைக்கடிகாரம் பழுது பார்ப்பவர், தனியாக வசிக்கிறார் என்று இருந்தது. கொடுத்திருந்த மாத்திரை, தாளில் அவர் ஆகாது என்று எழுதிய அதே வகை. கொடுத்து நான்கு நாள் ஆகியிருந்தது.

"நான் போறேன்" என்றார் கட்டக்காரர்.

பஸ் ஒவ்வொரு விளக்குக்கும் நின்றது. ஜன்னலோரம் உட்கார்ந்து தாளை மடித்துப் பிரித்து மடித்தார். தனியாக வசிக்கிறவர். வீங்கினால் யார் பார்ப்பார்கள்? கதவைத் தட்டினால் திறக்க ஆள் இருக்குமா? மனைவி போன் செய்தாள். "தம்பி சொன்னான். நீங்க சாப்பிட்டீங்களா?" "இல்ல." "பயம் இருக்குல்ல, அதையே சாப்பிடுங்க" என்றாள். வழக்கமான கேலிதான். "போய்ப் பாத்துட்டு உடனே எனக்குச் சொல்லுங்க."

மூன்று மாடி. படிக்கட்டு விளக்கு ஒன்றுதான் எரிந்தது. கதவுக்கு அடியில் வெளிச்சம் தெரிந்தது, சத்தம் இல்லை. தட்டினார். பதில் இல்லை. காதை வைத்துக் கேட்டார். உள்ளே ஏதோ டிக் டிக் என்று, ஒன்றல்ல, நிறைய. மறுபடி தட்டினார். உள்ளங்கையால் அடித்தார். தோளால் இடித்துத் திறக்கலாமா என்று ஓர் அடி பின்னால் நகர்ந்தபோது கதவு திறந்தது.

ஒரு கண்ணில் கண்ணாடிக் குழல் மாட்டிய ஒல்லி மனிதர். முகம் வீங்கவில்லை. கோபமாக மட்டும் இருந்தது.

"கதவ உடைக்கறதா உத்தேசமா? வேலையா இருக்கறப்ப போனையே அணைச்சு வெச்சிருக்கேன், கதவ என்ன பண்றது?"

"ஆஸ்பத்திரிலேந்து வரேங்க. அந்த மாத்திரை... சாப்பிட்டீங்களா?"

அவர் குழலைக் கழற்றினார். மேசை இழுப்பறையைத் திறந்தார். திருகாணிகளுக்கும் உடைந்த முட்களுக்கும் நடுவே மாத்திரை அட்டை பிரிக்காமல் கிடந்தது.

"அந்தம்மா டிக் போட்டத என் கண்ணால பாத்தேன். கீழ வந்து சீட்ட வாங்கினா 'இல்லை'ன்னு இருக்கு. என் கண்ணு ஒரு நூல் கனம் தப்புனாக்கூட கடிகாரம் ஓடாது சார். என் கண்ண நம்பறதா, உங்க சீட்ட நம்பறதா? உள்ள போட்டேன். நல்லா கேட்டுக்கோங்க, காய்ச்சல் அதுவா போச்சு. உங்களால இல்ல."

அதற்கப்புறம் நிறையப் பேசினார். ஆஸ்பத்திரியை, கம்ப்யூட்டரை, கம்ப்யூட்டர் எழுதுகிற கூட்டத்தை. கட்டக்காரர் நின்று முழுசாக வாங்கிக்கொண்டார். கடைசியில் மாத்திரை அட்டையைக் கேட்டு வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கினார். முதல் மாடித் திருப்பத்தில் படியிலேயே உட்கார்ந்தார். கவுன்டருக்குப் போன் போட்டார். முதல் மணியிலேயே எடுத்தார்கள்.

"இருக்காரா?" என்றார் டைப்பிஸ்ட் அக்கா.

"இருக்கார். மாத்திரையத் தொடவே இல்ல. திட்டினார்."

"நல்லா திட்டினாரா?"

"நல்லாவே."

"அப்ப தெம்பாத்தான் இருக்கார்." மூக்கை உறிஞ்சுகிற சத்தம். அப்புறம் தெளிவாக ஒரு டொக்.

கட்டக்காரர் துள்ளி எழுந்தார். "அக்கா! இப்ப எந்தத் திரைல இருக்கீங்க?"

"மேசையத் தட்டினேன்யா" என்றார் அந்தம்மாள். "கம்ப்யூட்டர அணைச்சு அரை மணி ஆச்சு. நீங்க மொதல்ல பெஞ்சாதிக்கு போன் பண்ணுங்க. மூணு தரம் இங்க கேட்டுட்டாங்க."